நாண் இறக்கிய பின்

காப்பியங்கள் வில்லில் நாணேற்றும் கணத்தைக் கொண்டாடுவன. நாணிறக்கும் கணத்தை அவை பேசுவது அரிது. போர் ஓய்ந்த இரவில் அந்த வில்லைத் துடைத்தவர் யார், அது எந்த மூலையில் வைக்கப்பட்டது, மழைக்காலத்து ஈரத்தில் அதற்கு என்ன நேர்ந்தது என்பனவெல்லாம் கவிஞனுக்கு வேண்டாத சங்கதிகள். இதற்கு விலக்காக ஹோமரைச் சொல்லலாம். ஒடிசியின் இருபத்தொன்றாம் காண்டத்தில், அரண்மனைக் கருவூலத்தில் உறைக்குள் நெடுங்காலம் கிடந்த ஒடிசியசின் வில்லைப் பெனலோப்பி எடுத்து வருகிறாள். அவளை மணக்க வந்து குழுமியிருப்போர் அதனைத் தீயில் காட்டி, கொழுப்புப் பூசி இளக்கிப் பார்க்கின்றனர், நாணேற்ற இயலவில்லை. இரவலன் கோலத்தில் இருக்கும் ஒடிசியஸ் வில்லைக் கையில் வாங்கியதும் அதை வளைக்க முற்படவில்லை. எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். தான் இல்லாத காலத்தில் கொம்பைப் புழு அரித்திருக்குமோ என்பது அவன் கவலை. வலிமைப் போட்டியாக நாம் படித்துவந்த காட்சி அது. உண்மையில் அங்கே வெல்பவன், தன் வில்லைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவன்.

இக்காட்சியை இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. குதிரைமேலிருந்து அம்பெய்யும் கலை கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளில் மீண்டும் தழைத்து வருகிறது. ஹங்கேரியில் கஷ்ஷாய் லாயோஷ் 1980களின் பிற்பகுதியில் தொடங்கி, அதனை ஓடுதடமும் புள்ளிக்கணக்கும் உடைய விளையாட்டாக வடித்தெடுத்தார். துருக்கியின் மரபு வில்வித்தையை யுனெஸ்கோ 2019ஆம் ஆண்டு தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆர்வம் பெருகப் பெருக, ‘மரபு வில்’ என்ற பெயரோடு விற்கள் சந்தைக்கு வருகின்றன. தோற்றம் பழைய ஹூணர், மங்கோலியர், துருக்கியர் வில்லின் தோற்றம். உள்ளே இருப்பது பெரும்பாலும் கண்ணாடியிழை. இதையொட்டி ஆர்வலரிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கொம்பும் தசைநாணும் இல்லாதது மரபு வில்லே அன்று என்பர் ஒரு சாரார். வடிவமும் எய்யும் முறையும் பழையனவாக இருந்தால் போதும் என்பர் மறுசாரார். இருவருமே வில் எதனால் ஆனது என்றே கேட்கின்றனர். அது எவ்வாறு பேணப்படுகிறது என்ற கேள்விதான் முதன்மையானது என்பது நம் கருத்து. அக்கருத்தை நிறுவ, முதலில் அந்த வில்லின் இயல்பைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

*

சேணத்தில் அமர்ந்தவன் தன் வில்லைக் குதிரையின் கழுத்துக்கு மேலாக இடமும் வலமும் மாற்ற வேண்டும். திரும்பிப் பின்னோக்கியும் எய்ய வேண்டும். ஆளுயர மரவில் அதற்கு இடந்தராது. (ஜப்பானியரின் யூமி ஏழடிக்கு மேல் நீண்டும் குதிரைமீது பயன்படுகிறது. பிடியை நடுவில் வைக்காமல் கீழே இறக்கி வைத்து அவர்கள் கண்ட தனிவழி அது.) எனவே ஆசியப் புல்வெளிகளின் குதிரைவீரனுக்குக் குட்டையான வில் தேவைப்பட்டது. ஆனால் குட்டையான மரவில்லைக் காதுவரை இழுத்தால் மரம் முறியும். இந்தச் சிக்கலுக்கு விடையாக எழுந்ததே கூட்டுவில்.

அதன் நடுவே ஒல்லியான மரச்சட்டம். துருக்கியர் மேப்பிள் மரத்தையும் கொரியர் மூங்கிலையும் கொண்டனர். எய்பவனை நோக்கிய உட்புறத்தில் கொம்புப் பட்டை ஒட்டப்படும். எருமைக்கொம்பு அதற்குச் சிறந்தது. இலக்கை நோக்கிய வெளிப்புறத்தில், விலங்கின் தசைநாணைத் தட்டி நாராகப் பிரித்து, பசையில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படிய வைப்பர். வில் வளையும்போது உட்புறம் அமுக்கப்படுகிறது, வெளிப்புறம் இழுக்கப்படுகிறது. அமுக்கத்தைக் கொம்பு தாங்கும். இழுவையைத் தசைநாண் தாங்கும். இவற்றைப் பிணைக்கும் பசை தோல், தசைநாண், மீனின் காற்றுப்பை போன்றவற்றைக் காய்ச்சி எடுப்பது. வெளிப்புறத்தைப் பூர்ச்ச மரப்பட்டையாலோ மெல்லிய தோலாலோ போர்த்துவர். தசைநாண் படிந்த வில் பல மாதங்கள் உலர வேண்டும். உயர்ந்த வில்லுக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும்.

இவ்வகை வில்லின் பெயர் நமக்குப் புதிதன்று. அர்த்தசாத்திரம் விற்களைப் பனை, மூங்கில், மரம், கொம்பு என அவை செய்யப்படும் பொருளால் பகுக்கிறது. அவற்றுள் கொம்பால் ஆனது சார்ங்கம். சிருங்கம் என்றால் கொம்பு. திருமாலின் வில்லுக்கு அமைந்த பெயரும் அதுவே. திருப்பாவையில் ஆண்டாள் மழையை அந்தச் சார்ங்கம் உதைத்த அம்புமாரிக்கு ஒப்பிடுகிறார். அழகான உவமை. மண்ணுலகக் கொம்புவில்லுக்கோ மழையைப் போன்ற பகை வேறில்லை. பசை நீரில் இளகும். தசைநாண் ஈரத்தை உறிஞ்சித் தளரும். மொரீஷியஸ் பேரரசரின் பெயரால் வழங்கும் பைசாந்தியப் போர்நூலாகிய ஸ்ட்ராடெஜிகான், பாரசீகரைப் பற்றிப் பேசுமிடத்தில், மழையும் தென்காற்றும் அவர்தம் வில்லின் கட்டைத் தளர்த்திவிடும் என்பதைக் குறித்து வைத்திருக்கிறது. ஒரு பேரரசின் படைவலிமை காற்றிலுள்ள ஈரத்தைச் சார்ந்து நின்ற காலம் அது.

*

இனிப் பேணும் முறை. இதனை வெறும் பட்டியலாகக் கருதிக் கடந்துவிடலாகாது. ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஒரு காரணம் இருக்கிறது.

நாணிறக்கிய கூட்டுவில், எய்யும்போது வளையும் திசைக்கு நேரெதிர்த் திசையில் பிறைபோல் சுருண்டு கிடக்கும். அறியாதவர் கையில் கிடைத்தால் அந்தப் பிறையின் இரு முனைகளையும் நாணால் இணைக்கவே தோன்றும். அவ்வாறு செய்தால் கொம்பு இழுவையிலும் தசைநாண் அமுக்கத்திலும் மாட்டிக்கொள்ளும். வில் அன்றோடு முடியும். அறிந்தவர் முதலில் அதை மெல்லச் சூடுகாட்டுவர். சூட்டில் சற்றே இளகிய கைகளை முழங்காலாலும் பாதத்தாலும் தாங்கி, சுருண்ட திசைக்கு எதிராக மலர்த்தி நாணேற்றுவர். வலிய வில்லாயின் இருவர் வேண்டும். நாணேறியவுடன் எய்யத் தொடங்குவதில்லை. நாண் இரு கைகளின் நடுக்கோட்டிலும் ஓடுகிறதா, ஒரு கை முறுக்கிக்கொண்டு விலகுகிறதா என்று நுனியிலிருந்து கண்ணோட்டிப் பார்ப்பர். விலகினால் அவ்விடத்தை மறுபடி சூடுகாட்டி, கையால் நெறித்து நேராக்கிச் சற்றுநேரம் ஆறவிடுவர். குட்டையும் பின்வளைவும் உடைய வில் முறுக்கிக்கொண்டால் எய்யும் கணத்தில் நாண் நழுவி வில் தலைகீழாகப் புரண்டுவிடும். சிதறும் துண்டு முகத்தில் படவும் கூடும்.

வெறும் நாணை இழுத்து விடலாகாது என்பது அடுத்த விதி. இழுத்த வில்லில் சேர்ந்த ஆற்றலை அம்புதான் வாங்கிச் செல்கிறது. அம்பு இல்லையேல் அவ்வளவும் வில்லின் உடலுக்கே திரும்பும். மிக இலேசான அம்பும் ஏறத்தாழ இதே தீங்கைச் செய்யும். நிலத்தில் நிற்பவனுக்கு இவ்விதியைக் காப்பது எளிது. பாயும் குதிரைமீது இருப்பவன் இலக்கின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் அம்பைத் தொடுக்க வேண்டும். அம்பின் கவை நாணைச் சரியாகக் கவ்வாமல் விட்டால், அம்பு கீழே விழும். நாண் வெறுமனே அதிரும். எனவே பார்க்காமலே அம்பு தொடுக்கும் பயிற்சியை நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை செய்வது வேகத்துக்காக மட்டுமன்று, வில்லைக் காப்பதற்காகவுந்தான். பயன்படுத்துதலும் பேணுதலும் இங்கே வேறுவேறாக நிற்பதில்லை.

புல்வெளி மரபினர் நாணைக் கட்டைவிரலால் இழுப்பர். விரலைக் காக்கக் கொம்பாலோ எலும்பாலோ கல்லாலோ ஆன மோதிரம் அணிவர். அம்பு வில்லின் வலப்புறத்தில் அமரும். வில் எவ்வளவு நீளம் இழுக்கப்படுவதற்குச் செய்யப்பட்டதோ அந்த அளவைத் தாண்டி ஒரு விரற்கடையும் இழுக்கலாகாது. குட்டை வில்லுக்கு இந்த எல்லை கண்டிப்பானது. ஆகவே கைநீளம் வேறான விருந்தினரிடம் தன் வில்லைக் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்பவர் நல்ல வில்லாளர் அல்லர்.

எய்து முடிந்தபின் நாணிறக்க வேண்டும். மரமும் தசைநாணும் ஓய்வின்றி இழுபட்டுக் கிடந்தால் விசையைச் சிறிது சிறிதாக இழக்கும். பின்பு துடைக்க வேண்டும். மழை பெய்யாவிடினும் குதிரையின் வியர்வை உண்டு, எய்தவன் கையின் வியர்வை உண்டு. இரண்டிலும் உப்பு உண்டு. நாணுக்கு மெழுகு தேய்க்க வேண்டும். வில்லைச் சுவரில் செங்குத்தாகச் சாத்தாமல் கிடத்தியோ தொங்கவிட்டோ வைக்க வேண்டும். சாத்தினால் கீழ்க்கை எடையைத் தாங்கி முறுக்கிக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் பசை இளகும், வறட்சி மிகுந்தால் கொம்பு மரத்தைவிட்டுப் பெயரும். இரண்டுக்கும் நடுவே அதற்கோர் இடம் தேட வேண்டும். அடைத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச்செல்வது கொம்புவில்லுக்கும் கண்ணாடியிழை வில்லுக்கும் ஒருசேரக் கேடு. ஒடிசியஸ் அஞ்சிய புழுவும் கற்பனையன்று. கொம்பையும் தசைநாணையும் தின்னும் பூச்சிகள் உண்டு. பெட்டியில் வைத்து மறந்த வில்லை அவை மறப்பதில்லை.

*

பேணுதல் அற்றுப்போனால் என்னவாகும் என்பதற்கு உதுமானியத் துருக்கியே சான்று. போர்க்களத்தைத் துப்பாக்கி எடுத்துக்கொண்ட பின்னரும் அங்கே வில்வித்தை நெடுந்தூர விளையாட்டாகத் தொடர்ந்தது. இஸ்தான்புல்லின் ஒக்மெய்தான் திடலில் அம்பு விழுந்த இடங்களில் நடுகற்கள் நிறுத்தினர். அரை மைலைத் தாண்டிய எய்தல்களுக்கும் அங்கே கற்கள் உண்டு. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் (ஆட்சிக்காலம் 1808–1839) தாமே வில்லாளர்; அவர் ஆணையால் முஸ்தபா கானி வில் செய்வதையும் எய்வதையும் விரிவாக நூலாக்கினார். அவருக்குப்பின் ஆதரவு குன்றியது. வில்வினைஞர் ஒவ்வொருவராக மறைந்தனர். இருபதாம் நூற்றாண்டு நடப்பதற்குள் தொழில் கைமாறும் சங்கிலி ஏறத்தாழ அறுந்தது.

விற்கள் அழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோப்காப்பி அரண்மனையிலும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலும் அவை பத்திரமாக இருந்தன. நூலும் அழியவில்லை. அமெரிக்க இயற்பியலர் பால் கிளாப்ஸ்டெக் கானியின் செய்திகளைத் துணைக்கொண்டு துருக்கிய வில்லைப் பற்றி 1934இல் ஆங்கிலத்தில் எழுதினார். ஆயினும் ஓடும் வில் ஒன்றை மீண்டும் செய்ய முயன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வில்லை முறித்து முறித்தே கற்க வேண்டியிருந்தது. பசை எந்தக் குழைவில் இருக்க வேண்டும், தசைநாண் எவ்வளவு உலர்ந்தபின் அடுத்த அடுக்கு இடலாம், சூடு போதும் என்பதை உள்ளங்கை எப்படி அறியும் என்பவை ஏட்டில் ஏறாத அறிவு. பொருளும் இருந்தது, நூலும் இருந்தது. இடையில் இருந்த கை இல்லை. நூல்களோடு வாழும் நம் போன்றோர் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஹங்கேரியின் நிலை இதனினும் கடினம். பத்தாம் நூற்றாண்டு மாகியர் கல்லறைகளில் வில்லின் நுனியையும் பிடியையும் இறுக்கிய எலும்பு, மான்கொம்புத் தகடுகளே பெரும்பாலும் எஞ்சியுள்ளன. மரமும் கொம்பும் பசையும் மண்ணாயின. அத்தகடுகளின் இடைவெளியை அளந்துதான் வில்லை ஊகித்தார்கள். அங்கே உயிர்த்தெழுந்த குதிரை வில்வித்தை கண்ணாடியிழையைத் துணைக்கொண்டதில் வியப்பில்லை.

தூய்மைவாதிகள் கண்ணாடியிழையை மரபுத் துரோகமாகப் பேசுவதை நாம் ஏற்பதற்கில்லை. மாற்றுப்பொருள் தேடுவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. இந்தியாவிலேயே முகலாயர் காலத்தில் எஃகு வில் செய்தனர். கொம்புவில்லின் வேகம் அதற்கு இல்லை. ஆயினும் நம் பருவமழையில் ஆயுதக் கொட்டிலில் கிடந்தாலும் பசை விட்டுப் போகாது என்ற நம்பிக்கை இருந்தது. அன்றைய எஃகு செய்த வேலையை இன்றைய கண்ணாடியிழை செய்கிறது. ஈரத்துக்கு அஞ்சாது, விலை குறைவு, தொடக்கநிலை மாணவனின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். அது இல்லாதிருந்தால் இத்தனை இளைஞர் குதிரையேறி வில்லெடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் கருவியிடம் ஒரு குறையும் உண்டு: அது கற்பிப்பதில்லை. நாணிறக்க மறந்தாலும் அது ஒன்றும் சொல்லாது. மழையில் நனைத்தாலும் குறைசொல்லாது. ஆகவே அதைப் பிடித்தவனுக்குக் காற்றின் ஈரத்தையோ பருவத்தின் மாற்றத்தையோ தன் கைச்சூட்டையோ அறிய வேண்டிய தேவை எழுவதில்லை. ஒரு தலைமுறை இவ்வாறு பழகினால், அடுத்த தலைமுறைக்குக் கொம்புவில் கிடைத்தாலும் அதை வைத்துக்கொள்ளத் தெரியாது. பெயரும் வடிவமும் உடையும் பாட்டும் மிஞ்சும், அறிவு போய்விடும். நம் அச்சம் கண்ணாடியிழை வில்லைப் பற்றியதன்று, அதன்மேல் தயக்கமின்றி ஒட்டப்படும் ‘மரபு’ என்ற சீட்டைப் பற்றியது.

கொம்புவில்லை வாங்கி வரவேற்பறைச் சுவரில் மாட்டி வைப்பவரும் இதே குற்றத்துக்கு ஆளாகிறார். வான்மீகத்தில் சனகரின் குலத்தார் சிவதனுசை எட்டுச் சக்கரம் பூண்ட இரும்புப் பேழையில் வைத்து வழிபட்டு வந்தனர். இராமன் நாணேற்றி இழுத்ததும் அது ஒடிந்தது. காப்பியம் இதனை நாயகனின் ஆற்றலாகக் காட்டுகிறது. அது கவியின் உரிமை. வில்வினைஞன் ஒருவன் அக்காட்சியைப் படித்தால், தலைமுறை தலைமுறையாக வணங்கப்பட்டு ஒருநாளும் வளைக்கப்படாத வில் முதல் இழுப்பில் ஒடிந்ததில் அவன் வியக்க மாட்டான். வழிபடுதல் வேறு, பேணுதல் வேறு.

*

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? கொரியரின் ஏற்பாடு நமக்கு அறிவார்ந்ததாகத் தோன்றுகிறது. அவர்களுடைய கொம்புவில்லான காக்குங், சோசன் அரசின் படைத்தேர்வுகளில் நிலத்திலும் குதிரைமீதும் பயன்பட்டது. 1894ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அத்தேர்வு ஒழிந்தது. ஆயினும் வில்லரங்குகளில் எய்தல் நிற்கவில்லை. இன்றும் 145 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி எய்கிறார்கள். கொரியாவின் கோடை ஈரம் மிக்கது. ஆகவே கொம்புவில்லை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து ஈரம் போக்கிக் காக்கின்றனர்; எய்வதற்குமுன் அனலில் காட்டி, முறுக்கு நீக்கி, நாணேற்றுகின்றனர். புதியவர்கள் கண்ணாடியிழை முதலியவற்றாலான ‘சீர்திருந்திய வில்’லில் பயில்கிறார்கள். அதற்குத் தடையில்லை. ஐந்தாம் படிநிலை முதலாகத் தகுதி பெற விரும்புவோர் மட்டும் கொம்புவில்லும் மூங்கிலம்பும் கொண்டே எய்து காட்ட வேண்டும்.

இந்த விதியின் நுட்பத்தைக் காண வேண்டும். அது எவரையும் வாசலில் நிறுத்தி விரட்டவில்லை. உயர்நிலையை நாடுவோர் நன்றாக எய்தால் மட்டும் போதாது, கெடக்கூடிய ஒன்றைக் கெடாமல் வைத்திருக்கவும் தெரிய வேண்டும் என்கிறது. இவ்விதியால் கொம்புவில் செய்வோர்க்கு வாங்குவோர் கிடைக்கிறார்கள். வாங்கியவர்க்குப் பேணும் கடமை வருகிறது. பேணியவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சங்கிலி அறாமல் நிற்பது இதனால்தான். குதிரை வில்வித்தையை நடத்தும் பிற நாட்டு அமைப்புகளும் இதுபோன்றதொரு படியை வைக்கலாம் என்பதே நம் பரிந்துரை. தொடக்கத்தில் எந்த வில்லாயினும் ஆகட்டும். ஆசான் என்ற பெயருக்கு உரியவராக விரும்புவோர், தம் கையால் ஒரு கொம்புவில்லை ஓராண்டின் எல்லாப் பருவங்களிலும் உயிரோடு வைத்திருந்து காட்டட்டும்.

அருங்காட்சியகத்திலுள்ள பழைய விற்களை எவரும் தொட வேண்டியதில்லை. அவை சான்றுகள், சான்றுகளாகவே இருக்கட்டும். புதிய கொம்புவிற்கள் செய்யப்பட வேண்டும், எய்யப்பட வேண்டும், சில முறியவும் வேண்டும். முறிந்த வில்லைப் பிளந்து பார்த்தவனுக்கே அடுத்த வில்லின் பசை எவ்வளவு என்பது தெரியும். அவ்வாறு முறிவதை இழப்பாகக் கருதி அஞ்சுவோர் மரபைக் கண்ணாடிப் பேழைக்குள் அனுப்பிவைக்கிறார்கள்.

கண்ணாடியிழை வில்லை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். உங்கள் வில்லை எவரும் பழிக்க இடந்தர வேண்டாம். ஆனால் அது பொறுத்துக்கொள்கிறது என்பதற்காக நீங்கள் மறந்துவிடவும் வேண்டாம். எய்து முடித்ததும் நாணிறக்குங்கள், துடையுங்கள், கைகளில் கீறலோ இழைப்பிளவோ தெரிகிறதா என்று விரலோட்டிப் பாருங்கள், நாணுக்கு மெழுகிடுங்கள். அவ்வில்லுக்கு இவற்றில் சில தேவைப்படாமல் இருக்கலாம். நாளை உங்கள் கைக்கு வரக்கூடிய கொம்புவில்லுக்கு இவ்வளவும் தேவை.